எண்ணெய் இறங்கும் வழி

கரமனை அக்கிரகாரத்தில் ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாம் வீட்டிலிருந்து "நூறாயுசு" என்று வாழ்த்து வரும். சுவரும் சுவரும் தோளுரசி நிற்கும் அந்த வரிசையில் ரகசியம் வைத்துக்கொள்ள எவருக்கும் இடம் இருந்ததில்லை. அப்படிப்பட்ட தெருவில், கல்யாணராமனின் கார் எண்ணெய் சொட்டுகிறது என்ற செய்தி மட்டும் மறைந்து கிடக்குமா? சாட்சிகள் நிறைய இருந்தார்கள். அவர்களில் தலைமைச் சாட்சி கைலாஷ்.

கைலாஷுக்கு முப்பத்திரண்டு வயது. வங்கியில் அதிகாரி, 'சமூகம்' என்று பெயர்கொண்ட தெருச் சங்கத்துக்குச் செயலாளர், எதையும் தீர்மானமாக எழுதி நிறைவேற்றிய பிறகே மூச்சு விடுகிறவன். போன மார்கழியின் முதல் நாள், விடியலில் பஜனை தெருவை வலம் வந்தபோது, கழுத்தில் ஆர்மோனியத்தைக் கட்டிக்கொண்டு முன்னே நடந்தவன் அவன்தான். கல்யாணராமன் வீட்டு வாசலில் அவனுடைய வலக்கால் ஒரு கரிய வட்டத்தின்மேல் பட்டது. மறுகணம் இறைவன் திருநாமம் பாதியில் நிற்க, ஆர்மோனியம் மேலும் அவன் கீழுமாகத் தெருவில் கிடந்தான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆர்மோனியத்துக்குத்தான் ஆயிற்று. துருத்தியை அழுத்தினாலே, யாரும் தொடாத ஒரு கட்டை தானாகப் பாடத் தொடங்கிவிடும்.

"பஜனை முழுக்க யாரோ மூலையிலே உக்காந்து அழுதுண்டே இருக்கற மாதிரி இருக்கு" என்றாள் அடுத்த வீட்டு அம்மிணி மாமி. அவளுக்கு வேறொரு வழக்கும் உண்டு. அவள் வாசல் கோலத்தின் இடப்பக்க இதழ்களில் வாரத்துக்கு இரண்டேனும் கறுத்துப்போகும்.

ஓராண்டு பொறுத்த சமூகம், அடுத்த மார்கழி நெருங்கியதும் கூடித் தீர்மானம் போட்டது. மார்கழி பிறப்பதற்குள் கார் சொட்டுவதை நிறுத்த வேண்டும். இல்லையென்றால் கார் தெருவை விட்டுப் போக வேண்டும். ஒட்டுவீட்டு வரிசையில் காரை உள்ளே நிறுத்த ஏது இடம்? தெருவை விட்டுப் போவது என்றால் கைவிட்டுப் போவது என்றே பொருள். வாங்கிக்கொள்ள ஆளும் தயாராக இருந்தார். கோவளத்தில் விடுதி நடத்தும் ஒருவர், எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு வண்டியை முகப்பில் நிறுத்தி, இரண்டு இருக்கைகளிலும் பூந்தொட்டி வைக்கப்போவதாகச் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை வந்து பார்ப்பதாகவும் சொல்லியிருந்தார்.

அந்தக் கார் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில் சீமையில் பிறந்தது. பாசி படர்ந்த குளத்தின் நிறம்; நீண்ட மூக்கு; மடித்துவிடக் கூடிய துணிக்கூரை; இரண்டே இருக்கை. பீருமேட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கொட்டகையில் கோழிகள் அடைகாத்துக்கொண்டிருந்த நிலையில் கல்யாணராமன் அதைக் கண்டெடுத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. செக்ரட்டேரியட்டில் சட்டப் பிரிவு அதிகாரியான அவர், காலையில் பதிகம் பாடி, பகலில் கோப்பு திருத்தி, மாலையில் விளக்கேற்றி வாழ்கிற மனிதர். அவருக்கு எதற்குப் பந்தயக் கார் என்று தெரு கேட்டதுண்டு. அவர் பதில் சொன்னதில்லை.

பதில் அந்த இரண்டு இருக்கைகளில் இருந்தது. ஞாயிறுதோறும் காலையில் பழவங்காடிப் பிள்ளையாரைத் தரிசித்துவிட்டு, அவரும் மனைவி அனந்தலக்ஷ்மியும் கடலோரமாக ஒரு மணி நேரம் போய் வருவார்கள். மூன்றாம் ஆள் ஏற இடமில்லாத, அடுத்த வீடு கேட்க முடியாத ஒரே அறை அவர்களுக்கு அதுதான். அந்த ஒரு மணி நேரத்தில் அவர்கள் சண்டை போட்டிருக்கிறார்கள். மகள் ஆஷாவின் படிப்பைப் பற்றி முடிவெடுத்திருக்கிறார்கள். ஒன்றுமே பேசாமல் கடலைப் பார்த்துக்கொண்டும் போயிருக்கிறார்கள். இருபத்தாறு வருட மணவாழ்க்கையில் பாதி அங்கேதான் நடந்தது என்று சொல்லிவிடலாம்.

ஆகவே அவர் காரைப் பேணியதில் ஒரு வழிபாட்டுத் தன்மை இருந்தது. கல்யாணராமனுக்குச் சுத்தம் என்பது குணமல்ல, நெறி. குடிக்கும் நீரைத் துணியிட்டு வடிப்பார். விளக்கு எண்ணெயை வடிப்பார். நெய்யை இரண்டு முறை வடிப்பார். கடையிலிருந்து வரும் எதுவும், வெள்ளைத் துணி ஒன்றைக் கடந்த பிறகே அவர் வீட்டில் பயன்பாட்டுக்கு உரியதாகும். எஞ்சின் எண்ணெய்க்கும் அதே மரியாதை கிடைத்தது. உடுத்துப் பழகி மென்மையேறிய வேட்டி ஒன்றை நாலாக மடித்து, எஞ்சினின் உச்சியில் எண்ணெய் ஊற்றும் வாயில் பரப்பி, கை நடுங்காமல் நூலிழைபோல ஊற்றுவார். எண்ணெய் அளவு குறைந்துகொண்டே வந்ததால் இந்தக் கைங்கரியம் மாதத்துக்கு ஒன்று, பிறகு இரண்டு, இப்போது வாரம் ஒன்று என்று பெருகியிருந்தது.

காருக்கு வைத்தியம் பார்ப்பவர் வேதமாணிக்கம். மார்த்தாண்டத்துக்காரர்; கரமனைப் பாலத்தருகே ஒரு பாதாம் மரத்தடியில் பட்டறை வைத்திருந்தார். எஞ்சினுக்குப் பின்னால், அடியில், சொட்டு விழும் இடத்துக்கு நேர்மேலே, எண்ணெய் கசியாமல் அடைக்கும் 'ஆயில் சீல்' வளையத்தை அவர் மூன்று முறை மாற்றிவிட்டார். மூன்று முறையும் சொட்டு நிற்கவில்லை. கல்யாணராமன் பொறுமை இழந்து சமூகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அதன் மூன்றாம் பத்தி, "மேற்படி ஒழுகலுக்கு முழுக் காரணம் பட்டறையின் கவனக்குறைவே" என்று முடிந்தது. தெருவில் எழுதப்படும் கடிதம் பாலத்தடிக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்? வேதமாணிக்கம் மறுநாளே அறிந்தார். அறிந்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

கார்த்திகையின் கடைசிச் சனிக்கிழமை மத்தியானம் அவரே கருவிப் பெட்டியோடு வீட்டு வாசலுக்கு வந்தார்.

"நாலாவது சீல் கொண்டுவந்திருக்கீரா?" என்றார் கல்யாணராமன்.

"இல்ல சாமி. இனியும் மாத்தச் சொன்னா மாத்துதேன், ஆனா எனக்கே வெக்கமா இருக்கு. மூணு சீலும் நல்ல சீலு." வேதமாணிக்கம் காரின் மூக்குப் பலகையைத் தூக்கிக் கம்பியில் நிறுத்தினார். "இத்தன நாளும் எண்ணெ எங்க விழுதுன்னு பாத்தோம். எங்கேருந்து பொறப்படுதுன்னு பாக்கல்ல. முகத்துக்குப் போடுத பவுடர் இருக்கா?"

கல்யாணராமன் உள்ளே போய் மகளின் பவுடர் டப்பாவுடன் திரும்பினார். ஆஷா பின்னாலேயே ஓடி வந்தாள்.

"அப்பா, அது என்ட பவுடர். எஞ்சினுக்கா?"

"கொஞ்சம்தான் வேணும்டி."

"கொஞ்சம்னா பாதி டப்பா வேணும் மோளே" என்றார் வேதமாணிக்கம். "கூட ஒரு கைக்கண்ணாடியும்."

"பொட்டும் வேணுமோ?" என்று கேட்டுவிட்டு, கண்ணாடியையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அவள் அங்கேயே நின்றாள்.

அவர் எஞ்சினின் பின்பக்கத்தை மண்ணெண்ணெயால் கழுவினார், காற்றடித்து உலர்த்தினார், மேலிருந்து அடிவரை பவுடரைத் தூவினார். பிறகு வண்டியைக் கிளப்பி, பாதி வேகத்தில் உறுமவிட்டார். சூடேற ஏற மல்லிகை மணம் தெருவெங்கும் பரவியது. அம்மிணி மாமி வாசலுக்கு வந்து, "என்னடா கல்யாணம், வண்டிக்குப் பொண்பார்க்க யாரும் வராளா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பத்து நிமிடம் கழிந்தது. எஞ்சினுக்கும் அதன் பின்னாலிருக்கும் இரும்புச் சுவருக்கும் நடுவே கைகூட நுழையாத ஓர் இடுக்கு உண்டு. அதற்குள் கைக்கண்ணாடியை நீட்டிச் சாய்த்துப் பிடித்தார் வேதமாணிக்கம். கல்யாணராமனும் குனிந்து பார்த்தார். நீறு பூசிய மேனியில் நாகம் இறங்குவதுபோல, வெண்மையின் நடுவே ஒற்றைக் கரிய கீற்று மெல்ல நெளிந்து இறங்கிக்கொண்டிருந்தது. அது சீலிலிருந்து புறப்படவில்லை. எஞ்சினின் உச்சியில், வால்வுகளை மூடியிருக்கும் டேப்பெட் கவரின் பின் விளிம்பிலிருந்து புறப்பட்டு, யார் கண்ணுக்கும் படாத அந்த இடுக்கு வழியே இறங்கி, அடியில் சீல் இருக்கும் இடத்தில் வந்து சொட்டாகத் திரண்டது.

"தலையில காயம். நாம காலுக்குக் கட்டு போட்டுட்டு இருந்திருக்கோம்" என்றார் வேதமாணிக்கம்.

அவர் கவரைக் கழற்றி, எஞ்சினை மறுபடி மெதுவாக ஓடவிட்டார். உள்ளே ஒரு குளம் கிடந்தது. எட்டு வால்வுக் கைகளும் அதில் முங்கி முங்கி எழுந்து, தவளைக் கூட்டம்போல் தத்தளித்தன.

"இது சரியா?" என்றார் கல்யாணராமன்.

"எங்கேருந்து சரி? அடியில கெடக்க எண்ணெய பம்பு மேல தள்ளுது. மேல வந்து வேலையப் பாத்துட்டு, இந்தா இந்த ஓட்டைக வழியா அது கீழ எண்ணெ நிக்குத சேம்பருக்குப் போயிரணும். போவல்ல. இங்ஙனயே கெட்டிக் கெடக்கு. நெறஞ்சா விளிம்பு வழியா வழியாம என்ன செய்யும்?"

கல்யாணராமனுக்குப் பல நாள் புதிர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவிழ்ந்தன. கடல் நீரை முகந்து மலைமேல் பொழிந்த முகில், அது ஆறாகிக் கடலுக்கே மீளும் என்ற நம்பிக்கையில் அல்லவா பொழிகிறது? இங்கே ஆறு மறிக்கப்பட்டிருந்தது. மேலே வெள்ளம், கீழே வறட்சி. திருவல்லத்து வளைவில் திரும்பும்போதெல்லாம், எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் உறக்கத்தில் தலை சாய்வதுபோல் விழுந்து எழும்பியதற்குக் காரணம் அதுதான். அடியில் எஞ்சியிருந்த கொஞ்சம் எண்ணெயும் வளைவில் ஒரு பக்கம் ஒதுங்க, பம்பு காற்றைக் குடித்திருக்கிறது. அளவு குறைகிறதே என்று தாம் மேலும் மேலும் ஊற்றியது, குளத்தைத்தான் பெருக்கியிருக்கிறது.

வேதமாணிக்கம் எஞ்சினை நிறுத்தினார். சைக்கிள் கம்பி ஒன்றின் நுனியைக் கொக்கியாக வளைத்து, முதல் துளைக்குள் விட்டுச் சுழற்றி இழுத்தார். கரியேறிய திரிபோல ஏதோ வந்தது. இன்னும் இழுக்க, இன்னும் வந்தது. அதை ஒரு தேங்காய்ச் சிரட்டை மண்ணெண்ணெயில் போட்டு அலசி, வெயிலில் விரித்துப் பிடித்தார்.

"நூலாட்டு இருக்கு சாமி."

"நூலா?"

"பருத்தி நூலு. ரெண்டு மூணு எழ கரைநூலும் இருக்கு. பச்சையும் அரக்குமா." சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவரின் பார்வை, எதிரே நின்றவரின் இடுப்பில் தங்கியது. கல்யாணராமன் பச்சையும் அரக்குமான மயில்கண் கரை வேட்டி உடுத்தியிருந்தார். அவர் எப்போதும் மயில்கண் கரைதான் உடுத்துவார். வேதமாணிக்கம் மரியாதையாகப் பார்வையைத் திருப்பி, பாலம் இருக்கும் திசையைச் சிறிது நேரம் பார்த்தார்.

"எண்ணெ ஊத்தும்போ துணி வச்சு அரிப்பியளா?"

"நாலு மடிப்பு" என்றார் கல்யாணராமன்.

"எத்தன வருசமா?"

"வாங்கின நாள்முதலா."

"சீல் போட்ட டப்பாவுல வாற எண்ணெ சுத்தமாத்தான சாமி இருக்கும்?"

"டப்பாவுக்கு உள்ளே யார் பார்த்தா?"

வேதமாணிக்கம் இரண்டாம் துளைக்குள் கொக்கியை விட்டார். பன்னிரண்டு ஆண்டுகளில் எத்தனையோ பழைய வேட்டிகள் இழை இழையாக உதிர்ந்து, சூட்டில் வெந்து, அழுக்கோடு பிசைந்து, கம்பளிபோல் இறுகி அங்கே உறைந்திருந்தன. எல்லாத் துளைகளும் திறந்தபோது சிரட்டையில் ஒரு குருவிக்கூடு சேர்ந்துவிட்டது.

"மூணாம் பத்தி உமக்குத் தெரியுமோ?" என்று கேட்டார் கல்யாணராமன், தாழ்ந்த குரலில்.

"கேட்டேன். நல்லா எழுதியிருந்தியளாம்."

வேதமாணிக்கம் துளைகளைக் கழுவி, காற்றடித்து, பழைய எண்ணெயை முழுவதும் வடித்துவிட்டு, புது எண்ணெயை டப்பாவிலிருந்து நேராக ஊற்றினார். கல்யாணராமன் கண்ணை மூடிக்கொண்டார். கவருக்குப் புதிய கார்க் பாக்கிங் வைத்து இறுக்குவதற்கு முன், ஒரு முறை எஞ்சினை ஓடவிட்டுக் காட்டினார். மேலே ஏறிய எண்ணெய் வால்வுகளை நனைத்துவிட்டு, தேங்காமல், சிறு சிறு சுழிகளாகத் துளைகளில் இறங்கி மறைந்தது. அருவியைப் பார்ப்பதுபோல் கல்யாணராமன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அன்று மாலை, சமையலறையில், மனைவியிடம் எல்லாவற்றையும் மெல்லிய குரலில் சொன்னார். அனந்தலக்ஷ்மி முதலில் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கரைநூல் பச்சையும் அரக்குமாக வந்தது என்ற இடத்தில் கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கியவள் நிறுத்த முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன அனந்தம்?" என்று சுவருக்கு அப்பாலிருந்து அம்மிணி மாமியின் குரல் வந்தது. "சொல்லிட்டுச் சிரியேன், நானும் சிரிக்கறேன்."

"ஏன்னா, சொல்லட்டுமா?"

"வேண்டாம்னா மட்டும் நிக்குமா?" என்றார் கல்யாணராமன்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குள் தெரு முழுதும் சிரித்து முடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோதனை. கைலாஷ் வெள்ளைத் தாளொன்றைக் காரின் அடியில் விரிப்பதாகத் திட்டமிட்டிருந்தான். அம்மிணி மாமி அதை ஏற்கவில்லை.

"தாள் காத்துலே பறக்கும். நான் கோலம் போடறேன். ரெண்டு சக்கரத்துக்கும் நடுவிலே வரும்படியாப் போடறேன். அதும்மேலே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தட்டும். மாவுலே கடுகத்தனை கறுப்பு விழுந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது."

கைலாஷ் அதை நிபந்தனையாக எழுதிக்கொண்டான். வண்டி குறைந்தது பதினைந்து கிலோமீட்டர் ஓடி எண்ணெய் சூடாகியிருக்க வேண்டும். ஓட்டத்தின்போது செயலாளர் உடனிருக்க வேண்டும். திரும்பிய பின் கோலத்தின்மேல் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். படித்து முடித்ததும் கல்யாணராமன் எழுந்தார்.

"அதுக்கு முன்னே ஒரு திருத்தம். என் முந்தைய கடிதத்திலே மூணாம் பத்தியிலே 'பட்டறையின் கவனக்குறைவே'ன்னு இருக்கற இடத்திலே, 'கடிதம் எழுதினவனின் வேட்டியே'ன்னு மாத்திப் படிக்கணும்."

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற வேதமாணிக்கம் தலையைக் குனிந்துகொண்டார். அவர் தோள்கள் மட்டும் குலுங்கின.

கார் புறப்பட்டது. அனந்தலக்ஷ்மியின் இருக்கையில் கைலாஷ் தீர்மானக் கோப்பை மடியில் வைத்து, பள்ளிப் பரிசோதகரைப்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். கிள்ளிப்பாலம், மணக்காடு, கமலேஸ்வரம் எல்லாம் கடந்தன. திருவல்லத்துக்கு முன்னே சாலை திறந்தது. கல்யாணராமன் காலை அழுத்தினார். காற்று செயலாளரின் வகிட்டைக் கலைத்தது. வளைவு வந்தது. கல்யாணராமனின் கண் சாலையில் பாதியும் முள்ளில் பாதியுமாக இருந்தது. கார் இடப்புறம் சாய்ந்து, வளைவுக்கு அப்பாலுள்ள பாலத்தை எட்டி, நிமிர்ந்தது. முள் அசையவில்லை. கருவறைத் தீபம்போல இருந்த இடத்திலேயே நின்றது.

அவர் மூச்சை விட்டார். "இனி திரும்பலாம்."

"திரும்பணுமா?" என்றான் கைலாஷ்.

"பதினஞ்சு கிலோமீட்டருக்கு இது போறும்."

"குறைந்தது பதினஞ்சுன்னுதான் மாமா எழுதியிருக்கேன். எண்ணெய் நன்னாச் சூடாகணுமோல்லியோ? அந்த வளைவை இன்னொரு வாட்டி எடுத்துப் பார்த்துடலாம். டெஸ்ட்டுக்குத்தான்."

டெஸ்ட்டுக்காக அந்த வளைவை இன்னும் மூன்று முறை எடுத்தார்கள். மூன்றாம் முறை கைலாஷ் கோப்பின்மேல் உட்கார்ந்துகொண்டு, இரண்டு கைகளையும் காற்றில் நீட்டியிருந்தான்.

நாலே காலுக்குத் தெரு முனையில் திரும்பியபோது எல்லா வாசல்களிலும் கோலம் முடிந்திருந்தது. கார்த்திகை மாதம் முழுவதும் மாலையிலும் சிறிதாக ஒரு கோலமிட்டு விளக்கு வைப்பது அங்கே வழக்கம். கல்யாணராமன் வீட்டு வாசலில் அம்மிணி மாமி பதினாறு இதழ்த் தாமரை ஒன்றைப் போட்டிருந்தாள். எஞ்சினை அணைத்து, வேதமாணிக்கமும் வேறு இருவரும் பின்னிருந்து தள்ள, கார் அந்தத் தாமரையின்மேல் அன்னம்போல் நகர்ந்து நின்றது. கைலாஷ் தலையைச் சீவிக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

அரைமணி நேரம் அமைதியாகப் போயிற்று. பிறகு கிழக்கே மலைப்பக்கம் இருண்டது. ஐந்து மணிக்கு முதல் துளிகள் விழுந்தன. கூடியிருந்தவர்கள் தாழ்வாரங்களில் ஒதுங்கினார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மழை வலுத்து, தெருவின் கோலங்கள் ஒவ்வொன்றாகப் பால்போல் கரைந்து ஓடத் தொடங்கின.

"மாமா, கோலம் நனைஞ்சா டெஸ்ட் செல்லாது" என்றான் கைலாஷ். அவன் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "கறுப்பு விழுந்து கரைஞ்சுதா, விழவேயில்லையான்னு யார் சொல்றது?"

"நாளைக்கு மறுபடி வெச்சுக்கலாமே."

"நாளைக்குக் காலம்பற கோவளத்துக்காரர் வரார். வரச்சொல்லி நான்தான் சமூகத்து லெட்டர்ஹெட்லே எழுதினேன்."

கல்யாணராமன் காரைப் பார்த்தார். மேலிருந்து விழும் மழையை அது தன் முதுகில் வாங்கிக்கொண்டது. ஆனால் தெருவின் மேட்டுப் பக்கத்திலிருந்து நீர் விரல் விரலாக ஊர்ந்து, முன்சக்கரத்தைத் தொட்டு, உள்ளே திரும்ப இருந்தது. அவர் என்ன செய்வதென்று அறியாமல் நின்ற அந்த நேரத்தில், யாரோ அவரை உரசிக்கொண்டு மழையில் இறங்கினார்கள்.

அனந்தலக்ஷ்மி. அவள் கையில் காரை மூடும் தார்ப்பாய் இருந்தது. அதைப் பாய் சுருட்டுவதுபோல் நீளமாகச் சுருட்டி, முன்சக்கரங்களுக்கு மேட்டுப்புறமாக, வில்போல் வளைத்துத் தரையில் அழுத்தினாள். புடவைத் தலைப்பு நீரில் புரண்டது. பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு நாளும் அந்தக் காரைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ தெருவில் ஒரு வார்த்தை சொல்லாதவள் அவள்.

கல்யாணராமன் ஓடிவந்து மறு முனையைப் பிடித்தார். நீர் தார்ப்பாயில் மோதி, தயங்கி, இருபுறமும் பிரிந்து ஓடியது.

"உள்ளே போ அனந்தம், நான் பிடிச்சுக்கறேன்."

"நீங்க ஒரு பக்கம்தான் பிடிக்க முடியும்."

"நனையறியே."

"நனைஞ்சாக் காஞ்சுக்கலாம். ஞாயித்துக்கிழமை போயிடுத்துன்னா எனக்கு வேறே எங்கே கிடைக்கும்?" அவள் அவரைப் பார்க்காமல், தார்ப்பாயை இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டே சொன்னாள். மழைச் சத்தத்தில் அது வேறு யார் காதிலும் விழவில்லை.

வேதமாணிக்கம் எங்கிருந்தோ இரண்டு சாக்கு கொண்டுவந்து இடைவெளியை அடைத்தார். கைலாஷ் ஒரு கணம் யோசித்துவிட்டு, கோப்பை ஆஷாவிடம் கொடுத்து, சட்டையோடு இறங்கி நடுப்பகுதியில் காலை வைத்து மிதித்துக்கொண்டான். சோதிப்பவர் சோதனைக்கு உதவலாமா என்று தீர்மானத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

மலையிலிருந்து வந்த மழை வந்த வேகத்திலேயே கடல் பக்கம் கடந்துபோயிற்று. மணி ஐந்தே கால் தாண்டியிருந்தது. அம்மிணி மாமி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, டார்ச்சோடு வந்து, ஈரத் தெருவில் முழங்காலிட்டுக் குனிந்தாள். எல்லாரும் சுற்றி நின்றார்கள். கல்யாணராமனின் வேட்டி நுனியிலிருந்து சொட்டிய நீரின் ஓசைகூடக் கேட்டது.

டார்ச் வெளிச்சம் காரின் அடியில் மெதுவாக நகர்ந்தது; நின்றது; திரும்பி வந்தது.

"பதினாறு இதழும் அப்படியே இருக்கு" என்றாள். "வெள்ளையாத்தான் இருக்கு. ஒரு பொட்டு இல்லை."

கல்யாணராமன் காரின் நனைந்த மூக்கில் கையை வைத்துக்கொண்டார். அனந்தலக்ஷ்மி தலைப்பைப் பிழிந்துகொண்டிருந்தாள். பிழிந்து முடித்த பிறகும் பிழிந்தாள்.

அம்மிணி மாமி எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டு, தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு முறை பார்த்தாள். இருபுறமும் வாசல்கள் கழுவிவிட்டதுபோல் வெறுமையாக இருந்தன. தெரு முழுவதற்கும் அன்று மிஞ்சியிருந்தது ஒரே ஒரு கோலம். அது காருக்கு அடியில் இருந்தது.

"மாமி, எழுதிக்கணும்" என்றான் கைலாஷ், ஆஷாவிடமிருந்து கோப்பை வாங்கியபடி. "வண்டியைப் பத்தி என்ன முடிவு?"

"என்ன முடிவு? விளக்கு வைக்கற நேரமாச்சு. இனிமே மாவரைச்சு யார் போடறது? நாளைக்கு வரவருக்குப் போன் பண்ணி, வரவேண்டாம்னு சொல்லு." அவள் டார்ச்சை அணைத்தாள். "வண்டி அங்கேயே நிக்கட்டும். ஆஷா, போய் அகலை எடுத்துண்டு வா. பெட்ரோல் வண்டியாக்கும், ரெண்டடி தள்ளியே வை."